ஊழியம்: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சொல்லின் இரண்டு பிறவி

எங்கள் பக்கத்தில் பொறியியல் முடித்த ஒரு பையன் "நான் ஊழியத்துக்குப் போறேன்" என்று வீட்டில் சொன்னால், அம்மா முதலில் ஸ்தோத்திரம் சொல்லுவாள். அப்புறம் அடுக்களைக்குள் போய் அழுவாள். இரண்டும் உண்மைதான். அவன் வயிற்றில் இருந்தபோது பிரசவம் சிக்கலாகி, 'இந்தப் பிள்ளையை உமக்கே தாறேன் ஆண்டவரே' என்று பொருத்தனை பண்ணியவளும் அவள்தான். கத்தோலிக்க வீடானால் "சாமியாருக்குப் படிக்கப் போறான்", "மடத்துக்குப் போறா" என்பார்கள். ரட்சணிய சேனை வீட்டில் ஆபீசருக்குப் போவது. எந்தச் சபையானாலும் அந்த வீட்டில் அன்றைக்கு ராத்திரி யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் இல்லை. கடவுளுக்குத் தன்னை முழுக்க ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன என்ற கேள்வி இங்கே குருமடங்களுக்குள் அடங்கிக் கிடக்கும் கேள்வி அல்ல. கல்யாணப் பேச்சிலும் நிலப் பாகப்பிரிவினையிலும்கூட வந்து நிற்கும். இந்தக் கேள்விக்கு இந்த மண் 480 ஆண்டுகளாகக் கொடுத்துவரும் பதில்களைத் திரும்பிப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். அதற்குச் சாவியாக நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சொல்லை: ஊழியம்.

இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் வேதபுத்தகமும் வெள்ளைச் சட்டையும் நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் ராஜ்யத்தில், இந்த மாவட்டம் அதன் தென்கோடியாக இருந்த காலத்தில், அதற்குப் பொருள் வேறு. கூலியில்லாமல் சர்க்காருக்கும் கோவிலுக்கும் உழைக்க வேண்டிய கட்டாயத்துக்குப் பெயர் ஊழியம். அதிகாரி வருகிறார் என்றால் சுமை தூக்க வேண்டும். உப்பு சுமக்க வேண்டும், யானைக்குத் தீனி வெட்டிப் போட வேண்டும், திருவிழாவுக்குப் பந்தல் கட்ட வேண்டும். நாடார், ஈழவர், சாம்பவர், புலையர் முதலிய சாதியாருக்கு இதில் விலக்கு கிடையாது. சொந்த வயலில் அறுப்பு நின்றாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போயாக வேண்டும். வராதவனுக்கு அடி. அடிமைகளின் கதை இதற்கும் கீழே. அவர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் ஊழியம் என்பது கடவுளுக்குச் செய்யும் பணி என்ற பொருளில் வேறு ஊர்களிலும் முன்பே புழங்கியது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களின் முதுகில் பழைய பொருளும் ஏறியிருந்தது என்பதுதான் வித்தியாசம். காலையில் தாசில்தாருக்கு ஊழியம் செய்துவிட்டு வந்தவன், மாலையில் ஓலைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, 'கர்த்தருக்கு ஊழியம் செய்ய வா' என்று கேட்கிறான். அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? முழுமனதோடு ஒப்புக்கொடுத்தல் பற்றிப் பேசும் நூல்களில் இந்தக் கேள்வியை நான் அதிகம் கண்டதில்லை. தன்னைக் கொடுப்பதற்கு முதலில் தான் தன்னுடையவனாக இருக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து தொடங்காமல் இந்த மாவட்டத்தின் அர்ப்பணிப்புக் கதையைச் சொல்ல முடியாது.

கதை கடற்கரையில் தொடங்குகிறது. 1544-ன் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடலோரத்தில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவ மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இது அவரே கடிதத்தில் எழுதியது. மனப்பாடம் செய்த தமிழில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சொல்ல, ஊரே திருப்பிச் சொன்னது. கை ஓய்ந்துபோகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய அந்த மனிதரின் அர்ப்பணிப்பைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு டிசம்பர் 3 அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள்.

ஆனால் அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். பிறகு கோவாவுக்கு, மலாக்காவுக்கு, ஜப்பானுக்கு. ஊரில் இருந்தது யார்? அவர் ஒவ்வோர் ஊரிலும் நியமித்துவிட்டுப் போன கணக்கப்பிள்ளை. பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக்கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும், கோவிலைத் திறந்து பூட்டுவதும் அவன் வேலை. இந்தக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்காக, முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த 4000 பணத்தைத் தரும்படி சவேரியார் ராணிக்கே எழுதிக் கேட்டார். ராணியின் செருப்புக் காசில் வேதம் வளர்ந்தது என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்கள். சவேரியாருக்குச் சிலை இருக்கிறது. கணக்கப்பிள்ளைகளில் ஒருவரின் பெயரைக்கூட ஊர் நினைவில் வைத்திருக்கவில்லை. முழு அர்ப்பணிப்பு என்றதும் போகிறவனைப் பார்க்கவே நாம் பழகியிருக்கிறோம், இருக்கிறவனைப் பார்ப்பதில்லை.

இருந்த இடத்தில் இருந்தே எல்லாவற்றையும் கொடுத்தவர் தேவசகாயம். நட்டாலத்தில் 1712-ல் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணியாற்றியவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தலைவரான டிலனாயுடன் உதயகிரிக் கோட்டையில் பழகினார். வீட்டில் அடுக்கடுக்காக வந்த நஷ்டங்களைப் பற்றிப் புலம்பியவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரின் தமிழாக்கம்தான் தேவசகாயம். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். 1749-ல் கைது, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

இது மதத்துக்காக நேர்ந்த சாவல்ல, அரசாங்கக் குற்றத்துக்கான தண்டனை என்று திருவிதாங்கூர் வரலாற்றை எழுதிய சிலர் வாதிட்டார்கள். சபை நெடுங்காலம் விசாரித்து, 2012 டிசம்பரில் நாகர்கோவிலில் முக்திப்பேறு கொடுத்து, 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் அளித்தது. அந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர் அவர். குரு அல்ல, துறவி அல்ல, மனைவியுள்ளவர், சர்க்கார் உத்தியோகஸ்தர். உயர்ந்த சாதியில் பிறந்துவிட்டு, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு வித்தியாசம் பார்க்காமல் பழகியது அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று சபையே சொல்கிறது. பட்டம் கொடுக்கும்போது அவர் பெயரின் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை ரோம் விட்டுவிட்டது. அப்படி விடவேண்டும் என்று கேட்டு எழுதியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். முழு ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு அன்று இங்கே இருந்த சரியான அளவுகோல் அதுதான்: சாதியைக் கொடுத்தாயா? வேலையை விட்டவர்கள் எத்தனையோ பேர். சாதியை விட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அரை நூற்றாண்டு கழித்து மயிலாடியில் இன்னொரு மனிதர். மகாராசன் என்ற சாம்பவர் சாதி விவசாயி. சிதம்பரத்துக்கு யாத்திரை போய், அங்கே மனம் நிறையாமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே சீர்திருத்தத் திருச்சபையில் மிஷனெரி கோல்ஹாஃப் பிரசங்கித்ததைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார். ஊரில் தொந்தரவு. சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, தமக்கு ஒரு குரு வேண்டும் என்று திரும்பவும் வடக்கே போய்க் கேட்டார். தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. மிஷனெரி வந்து மக்களைத் தேடிப் பிடித்தான் என்பது நாம் பழகிய கதை. இங்கே ஒரு சாம்பவர் விவசாயி போய் மிஷனெரியைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்.

கோவில் கட்ட திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. பிரிட்டிஷாருக்கு எதிரான அவருடைய கிளர்ச்சி ஒடுங்கிய பின் 1809-ல்தான் மயிலாடியில் கோவில் எழுந்தது. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் துப்பாக்கி நிழலில் எழுந்த கோவில் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. அதே நேரம், அந்தக் கோவிலுக்குள் நுழைந்தவர்கள் வேறெந்தப் பெரிய கட்டடத்துக்குள்ளும் நுழைய விடப்படாதவர்கள் என்பதையும் மறுக்க முடியாது.

ரிங்கல்தௌபே ஒரு விசித்திரப் பிறவி. சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானம் கொடுத்துவிட்டுக் கந்தலாகத் திரிவார். மேலங்கிகூட இல்லாமல் சென்னைக்குப் போய் அங்கிருந்த துரைமாரைத் திடுக்கிட வைத்தார். தம்மிடம் வந்தவர்களின் நோக்கத்தைப் பற்றி அவருக்கே கடும் சந்தேகம். தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்க வருகிறார்கள், வழக்கு நடத்தத் துணை தேடி வருகிறார்கள் என்று மனம் கசந்து எழுதினார். பத்து ஆண்டில் உடல் கெட்டது. 1816-ல் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவருடைய சந்தேகம் அவரோடு போய்விடவில்லை. 200 ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அதை விதம்விதமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1903-ல் திருவிதாங்கூர்ச் சபைச் சரித்திரத்தை எழுதிய சி. எம். ஆகுர் இதைப் பெரும்பாலும் தெய்வச்செயலின் வரலாறாகவே பார்த்தார். 1989-ல் வந்த டிக் கூய்மனின் ஆய்வு, ரிங்கல்தௌபேயை அனுப்பிய லண்டன் மிஷனின் கணக்குகளையும் கடிதங்களையும் புரட்டி, மதமாற்றத்தின் பின்னே சமூக சமத்துவத்துக்கான தேட்டம் இருந்ததைக் காட்டியது. பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தை எழுதும்போது ஜாய் ஞானதாசன் அதை ஒரு மறக்கப்பட்ட வரலாறாகப் பார்த்தார். மூவரையும் சேர்த்துப் படிக்கையில் எனக்குத் தோன்றுவது ஒன்று. 'ஆன்மிகக் காரணமா, உலகக் காரணமா' என்று பிரிக்கிற கத்தி வெளியூரிலிருந்து வந்தது. அடிமையாக இருந்தவன் விடுதலை வேண்டிக் கடவுளிடம் வந்தால் அது கலப்படம் என்று சொல்வதற்கு, எகிப்தின் செங்கல் சூளையிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தின் கதையை முதலில் வேதத்திலிருந்து கிழித்தெறிய வேண்டும்.

கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோவில் ஊழியத்திலிருந்தும் விலக்கு கிடைத்தது. காகிதத்தில் கிடைத்தது என்று திருத்திச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவனை வழியில் மறித்துச் சுமை தூக்கவைத்த கதைகள் மிஷன் அறிக்கைகளில் நிறைய உண்டு. ஞாயிறு ஓய்வு என்பதை இன்று நாம் ஒரு நல்ல வழக்கமாக நினைக்கிறோம். அன்று அது, ஏழில் ஒரு நாள் நான் உன்னுடையவன் அல்ல என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்வது. ஊழியம் என்ற சொல் இரண்டாவது முறை பிறந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்பேன்.

இதே வலியிலிருந்து அதே மண்ணில் இன்னொரு பதிலும் எழுந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) அதே சாதிக் கொடுமையையும் வரிகளையும் ஊழியத்தையும் எதிர்த்தார், தலைப்பாகை கட்டி வந்து வழிபடச் சொன்னார், மிஷனெரிகளையும் ஏற்கவில்லை. மயிலாடியிலிருந்து சாமித்தோப்புக்கு நடந்தே போய்விடலாம். முழுமனதாகக் கடவுளிடம் போவதென்றால் வெள்ளைக்காரன் வழியாகத்தான் போகவேண்டுமா என்ற கேள்விக்கு வேறு விடை கண்டவர்களும் இந்த மண்ணின் மக்கள்தான்.

தோள்சீலையின் கதையை இங்கே முழுக்கச் சொல்ல இடமில்லை. 1820களில் தொடங்கி 1859 ஜூலை அரச அறிவிப்பு வரை, மேலே ஒரு துணி போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டவர்கள் பெண்கள். சபைக்குப் போகும்போது ரவிக்கை போட வேண்டும் என்று மிஷனெரி சொன்னார். போட்டால் வழியில் கிழித்தார்கள். எரிந்த பள்ளிக்கூடங்களைத் திரும்பக் கட்டலாம். கிழிந்த துணியோடு மறுபடியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டவளின் தீர்மானத்தை எந்தப் பக்திக் கூட்டத்தின் மேடைத் தீர்மானத்தோடு ஒப்பிடுவது? அவர்கள் யாரும் தங்களை ஊழியக்காரிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பெண்களுக்குச் சபை கொடுத்த இடமும் சபை பெண்களிடமிருந்து வாங்கிய உழைப்பும் எக்காலத்திலும் ஈடாக இருந்ததில்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மாள் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த ஊசியில் வந்த காசைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள். தன்னைத் தானே விலை கொடுத்து வாங்கிய பிறகு கடவுளுக்குக் கொடுப்பது! ஒப்புக்கொடுத்தல் பற்றி இதைவிடத் துல்லியமான படம் எனக்குத் தெரியாது. பின்னாளில் வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் அந்தப்புரங்களுக்கும் நாலுகட்டு வீடுகளின் பின்வாசலுக்கும் புத்தகப்பையோடு நடந்தார்கள். மிஷனெரியின் மனைவிக்கு மிஷனில் தனிச் சம்பளமும் கிடையாது, தனிப் பட்டமும் கிடையாது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருவாக 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முளகுமூட்டில் கதை வேறு மாதிரி. 1897-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்து மடத்திலிருந்து மாரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற துறவி, துணைக்கு ஒரேயொரு இளம் சகோதரியோடு, அங்கிருந்த அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். வயது 40. மடத்தின் மதில்களுக்குள்ளேயே வாழ்ந்து செபிப்பதுதான் அவர் முதலில் எடுத்த வாக்கு. அந்த வாக்கை விட்டு வரவில்லை, அதைத் தூக்கிக்கொண்டே இங்கே வந்தார். முளகுமூட்டில் பிள்ளைகளோடு தொடங்கியது ஒரு சர்வதேசத் துறவற சபையாக வளர்ந்தது. பிலிப்பைன்ஸ் வரைக்கும் போன அந்தச் சகோதரிகளின் சபை பிறந்த வீடு ரோமிலோ பாரிஸிலோ அல்ல, கல்குளம் தாலுகாவில். இதை மாவட்டத்துக்காரர்களிலேயே பாதிப் பேர் அறிந்திருக்க மாட்டார்கள்.

சில அர்ப்பணிப்புகளைச் சபையாலேயே தாங்கிக்கொள்ள முடியவில்லை. ரிங்கல்தௌபேக்குப் பின் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் 1819-ல் கற்கோவிலைக் கட்டத் தொடங்கியவர். இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் தொடக்கமான செமினாரியை ஆரம்பித்தவர். நெய்யூரில் குடியேறி மிஷனை விரித்தவர். முப்பது ஆண்டுக்கு மேல் இங்கே உழைத்துவிட்டு, மனைவியை இழந்த அவர் 1850களின் தொடக்கத்தில் லோயிஸ் என்ற இந்தியப் பெண்ணை மணந்தார். பறையர் குலத்தில் பிறந்த சபை ஊழியரின் மகள். உடன் மிஷனெரிகள் கொதித்துப் போனார்கள். மீட் லண்டன் மிஷனை விட்டு விலகி, திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலைக்குப் போனார். மிஷனெரிகள் பிரசங்கத்தில் சாதி பாவம் என்றவர்கள்தான். அந்தப் பிரசங்கத்தைத் தன் சொந்த வீட்டில் கடைப்பிடித்தவரின் ஊழியம் அன்றோடு முடிந்தது. மீட்டின் வயதும் அந்தப் பெண்ணின் இளமையும் அவர்களை உறுத்தியிருக்கலாம். அது மட்டும்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கியது. அடுத்து வந்த டாக்டர் லீச் இரண்டே ஆண்டில், 1854-ல், கடலில் குளிக்கப் போய் மூழ்கி இறந்தார். தொடர்ந்து வந்தவர்களில் சிலர் நோயில் ஊர் திரும்பினார்கள், சிலர் தாக்குப்பிடித்தார்கள். இந்த வரிசையில் 1923-ல் வந்து சேர்ந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். ஜெயமோகனின் 'ஓலைச்சிலுவை' கதையைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் அறிமுகமாகியிருக்கும்.

சாமர்வெல் வீட்டில் செருப்புத் தொழிற்சாலை. லண்டனில் நல்ல அறுவை சிகிச்சை நிபுணராகும் வாய்ப்பும் இருந்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் இருந்தார். ஜூன் 7 அன்று பனி சரிந்து ஏழு சுமைக்காரர்கள் இறந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருந்தால் மற்றச் சுமைக்காரர்களுக்கு அது புரிந்திருக்குமே என்ற பொருளில் அவர் பின்னால் எழுதினார். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு மருத்துவர் வரிசையாக நின்ற நோயாளிகளோடு தனியாகப் போராடுவதைக் கண்டார். தங்கிவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், பிராணவாயு உருளை இல்லாமல் 28,000 அடி உயரத்தை எட்டித் தொண்டை புண்ணாகித் திரும்பினார். அப்புறம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பக்கமாக, மரச்சீனிக்கிழங்கு தின்று வயிற்றுப்புண்ணோடு வந்தவர்களின் குடலைத் தைத்துக்கொண்டிருந்தார். பிறகு வேலூரில் பாடம் நடத்தினார்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் லண்டனை விட்டார், புகழை விட்டார் என்கிறார்கள். விட்டதைப் பட்டியல் போடுவது எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. பனியில் புதைந்த ஏழு சுமைக்காரர்களுக்கும் நெய்யூர் வராந்தாவில் கிடந்த நோயாளிகளுக்கும் நடுவே அவர் மனம் போட்ட கணக்குதான் எனக்கு முக்கியம். சுமை தூக்குகிறவனின் உயிர் யாருடையது? அவனும் ஊழியம் செய்தவன், அந்தப் பழைய பொருளில். அந்தக் கடனை இந்தப் புதிய பொருளில் அடைக்க வந்தவர்போல எனக்குப் படுகிறார் சாமர்வெல்.

ரட்சணிய சேனைக்காரர்களையும் சொல்ல வேண்டும். காவி உடுத்து, இந்தியப் பெயர் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தவர்கள். 1890களில் நாகர்கோவிலில் ஹாரி ஆண்ட்ரூஸ் தன் வீட்டுக் குளியலறையில் மருந்துப் புட்டிகளை அடுக்கிவைத்து வைத்தியம் தொடங்கினார். அதுவே வடசேரியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அவரே பின்னாளில், 1919-ல், வடமேற்கு எல்லையில் குண்டுமழைக்கு நடுவே காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கையில் இறந்தார்.

கடற்கரையைப் பார்த்தால் முழு ஒப்புக்கொடுத்தலின் வேதாகமப் படமே தலைகீழாகிறது. பேதுரு வலையை விட்டுவிட்டுப் பின்னால் போனார் என்று பிரசங்கிக்கிறவர், குளச்சலிலோ முட்டத்திலோ தூத்தூரிலோ வலையை விடுவதென்றால் என்ன என்பதை யோசித்தாரா தெரியவில்லை. வலை ஒரு ஆளுடையது அல்ல. கட்டுமரமோ வள்ளமோ பங்காளிகளுடையது, கடன் பல வீடுகளுடையது. இந்தக் கரையில் அர்ப்பணிப்பு கூட்டாகத்தான் நடந்திருக்கிறது: பிடித்த மீனில் கோவிலுக்கு ஒரு பங்கு, ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதில்லை. எவ்வளவு பாடு கிடைக்கும் பருவமானாலும் ஞாயிறு ஞாயிறுதான். இதில் ஊர்க்கட்டுப்பாடு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பங்குச்சாமியாரின் அதிகாரம் இந்த ஊர்களில் சில நேரம் பழைய தாசில்தாரை நினைவூட்டியிருக்கிறது. அதே சாமியார்கள்தான் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது வீடு வீடாகப் போய், கடலில் போனவர் யார், வராதவர் யார் என்று பெயர் எழுதினார்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த மக்களோடும் இருந்தார்கள். அந்த வாரங்களில் வராதவர் பட்டியல் எழுதியதும் ஊழியம்தான் என்பதில் எந்தக் கடற்கரைக் கிழவிக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

இறையியலில் இதற்கெல்லாம் இடம் உண்டு. செருப்புத் தைப்பவனின் தொழிலும் குருவின் தொழிலும் அழைப்புதான் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே லூத்தர் சொல்லிவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65), புனிதத்துக்கான அழைப்பு துறவிகளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் என்று எழுதிவைத்தது. லூத்தரின் சபையும் ரோமின் சபையும் நாகர்கோவிலில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. ஆனாலும் கன்வென்ஷன் பந்தலில் கடைசிநாள் ராத்திரி, 'முழுநேர ஊழியத்துக்கு யார் யார்?' என்று கேட்கும்போது, தையல்காரரும் பஸ் கண்டக்டரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். 'முழு' என்ற அடைமொழி மனதுக்கானது. அது எப்போது நேரத்துக்குப் போனது? முழுநேரத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதலாம், முழுமனதுக்கு எழுத முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

முழுநேரமாகப் போனவர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், பிறகு வந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு போன்ற அமைப்புகள் வழியாக இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வடக்கே பழங்குடி ஊர்களுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே மொழியைப் படித்து, மலேரியாவில் கிடந்து, தங்கள் பிள்ளைகளை விடுதியில் விட்டு வாழ்ந்தார்கள். அவர்களைத் தாங்கியது இங்கே அடுக்களையில் வைத்திருந்த ஒரு சின்னக் கலம். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவார்கள். பிடியரிசி. மாசம் முடிந்ததும் சபைக்குப் போகும், ஏலம் போடுவார்கள். அந்தக் கைப்பிடியை எடுத்தவர்கள் பெரும்பாலும் அன்று அரிசி குறைவாக இருந்த வீட்டுக்காரிகள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஊழியம் என்ற சொல் இப்போது மூன்றாவது பிறவி எடுக்கிறதோ என்ற பயம் எனக்கு உண்டு, அல்லது முதல் பிறவிக்கே திரும்புகிறதோ என்று. ஒரு பக்கம், அது தொழிலாகிவிட்டது. தகப்பன் ஊழியம் செய்தார், மகன் 'ஊழியத்தை எடுத்துச் செய்கிறான்'. கட்டடமும் கணக்கும் சேர்ந்தே கைமாறுகின்றன. மறுபக்கம் இன்னும் மோசம். கிறிஸ்தவ நிறுவனங்களில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் நர்ஸோ, நிரந்தரமாகாத ஆசிரியையோ, சமையல்காரியோ கூலி கேட்டால், "இதையெல்லாம் ஊழியமா நெனச்சுச் செய்யணும்" என்று பதில் வருகிறது. கூலியில்லா உழைப்புக்கு அந்தப் பழைய திருவிதாங்கூர் வைத்திருந்த அதே பெயர்! அன்று தாசில்தார் சொன்னது இன்று நல்ல எண்ணத்தோடு, கண்மூடி ஜெபித்துவிட்டுச் சொல்லப்படுகிறது என்பதுதான் வித்தியாசம். பொருத்தனை பண்ணிப் பிள்ளையைக் கொடுக்கும் தாயிடமும் நான் இதையே கேட்க விரும்புவேன்: அவனைக் கேட்டாயா அம்மா? எல்க்கானாவின் மனைவி அன்னாள் சாமுவேலைக் கொடுத்த கதையில்கூட, ராத்திரி கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னவன் சாமுவேல்தான், தாய் அல்ல.

கோவில்பிள்ளை என்று ஒருவர் எங்கள் சபைகளில் உண்டு. விடியுமுன் மணி அடிப்பவர், பாய் விரிப்பவர், சாவு விழுந்தால் முதலில் தகவல் சொல்லப்படுபவர், குழி எங்கே வெட்டுவது என்று அறிந்தவர். சபை நடத்தும் குருமாரான ஐயருமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறிப்போவார்கள், கோவில்பிள்ளை இருப்பார். சவேரியார் விட்டுப்போன கணக்கப்பிள்ளையின் வாரிசு அவர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அறுப்பின் பண்டிகை அன்று ஐயருக்குச் சால்வை போடுவார்கள். ஊழியக்காரர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள், சபை உங்களுக்காக ஜெபிக்கும் என்று அறிவிப்பு வரும்போது, பின்னால் வாசல் பக்கத்தில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிற அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருப்பார். அதனால் அவர் எழுந்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரிவதில்லை.